பால் கொடுக்கிற வரைக்கும் பிள்ளை தங்காதா?

கேள்வி: எனக்கு வயது 24. முக்கூடல் பக்கம் கிராமம். தலைப்பிள்ளை பெண், ஏழு மாதம் முடியப்போகிறது. இன்னும் தீட்டு வரவில்லை. “பால்குடி இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தங்காது, எனக்கு மூணு பிள்ளைக்கும் அப்படித்தான்” என்கிறார் அத்தை. வீட்டுக்காரருக்குக் கேரளாவில் வேலை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்து போனவர், இப்போது ஆடிக் கொடைக்கு வருகிறார். நம்பி இருக்கலாமா? அவர் பக்கத்தில் வருவதை நினைத்தாலே வேண்டாம் என்றிருக்கிறது. இன்னொன்று, பிள்ளை சப்ப ஆரம்பித்ததும் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுவதுபோல் ஒரு சங்கடம், அழுகை முட்டிக்கொண்டு வரும். பால் இறங்கியதும் சரியாகிவிடும். காற்றுக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லையோ? ஐந்தாம் மாதத்திலிருந்து பீடி சுற்றுகிறேன். பகலில் அத்தை புட்டிப்பாலும் கேப்பைக் கூழும் கொடுக்கிறார். பிள்ளை ராத்திரி எழுவதே இல்லை.

பதில்: கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பிள்ளை சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதே சமயம், சினைப்பையை வேலை வாங்குவதற்காக மூளை விட்டு விட்டு அனுப்பும் ஹார்மோன் துடிப்புகள் மட்டுப்படுகின்றன. முட்டை முதிர்வதில்லை, தீட்டும் வருவதில்லை. பால் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளியில் பிள்ளை சப்புகிறது என்பதுதான் கணக்கு. ராத்திரிப் பாலுக்கு இதில் தனி மதிப்பு உண்டு, புரோலாக்டின் இயல்பாகவே இரவில்தான் கூடுதலாக இருக்கும்.

1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் இதற்கு மூன்று நிபந்தனை சொன்னார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. தீட்டு திரும்பியிருக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டுமே, அல்லது கிட்டத்தட்ட அது மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குமேல் கரு தங்காது. பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடக் கூடாது என்பதையும் நாங்கள் சேர்த்துச் சொல்வோம்.

பங்குனியில் உங்கள் பிள்ளைக்கு மூன்றரை மாதம்தான் இருக்கும். புட்டி வரவில்லை. அப்போது உங்களுக்குக் காவல் இருந்தது. இப்போது மூன்றில் இரண்டு போய்விட்டது, ராத்திரிப் பாலும் நின்றுவிட்டது. தீட்டு வரவில்லை என்பது மட்டும் மிச்சம். அதை நம்ப முடியாது. ஏனென்றால் முட்டை வெளியேறி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் தீட்டு வரும். அந்த முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால், இடையில் ஒரு தடவைகூடக் குளிக்காமலே அடுத்த பிள்ளை. வயிற்றில் வாயு புரள்கிறது என்று வந்து, ஸ்கேனில் ஐந்து மாதம் என்று தெரிந்து முகம் வெளிறிப்போகிற தாய்மார்களைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

முதலில் மருந்துக்கடையில் ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி, காலைச் சிறுநீரில் பாருங்கள். பங்குனிக்குப் பிறகு அவர் வரவில்லை என்பதால் முடிவில் குழப்பம் இருக்காது. இல்லை என்று வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்வது காப்பர்-டி. அதில் ஹார்மோன் கிடையாது, பாலைத் தொடாது, தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. வேண்டும்போது எடுத்துவிடலாம். வேண்டாம் என்றால் ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரை இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும் பாலூட்டும் தாய்க்கு ஆகும். ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் பிடிக்கலாம். எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற கணவருக்கு ஆணுறையே போதும் என்பீர்கள். சரிதான், ஒவ்வொரு தடவையும் போட்டால். தலைப்பிள்ளைக்கு இரண்டு வயதாகும்வரை அடுத்ததைத் தள்ளிப்போடுவது உங்கள் உடம்புக்கு நல்லது.

அவர் பக்கத்தில் வருவது வேண்டாம் என்றிருக்கிறது என்றீர்கள். அது கணவர்மேல் வெறுப்பு அல்ல. பாலூட்டும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருக்கும். பிறப்புறுப்பு வறண்டு எரியும், ஆசையும் மங்கும். பால் குறையக் குறையச் சரியாகும். அதுவரை மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் கலந்த ஜெல்லைப் பயன்படுத்துங்கள். ஆணுறை போடுவதானால் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கூடவே கூடாது, ரப்பர் நைந்து கிழிந்துவிடும்.

இனி அந்தச் சங்கடம். அடுத்த தடவை பிள்ளையை மடியில் போடும்போது சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பால் இறங்குவதற்குச் சில நொடி முன்னால் தொடங்கி, ஓரிரு நிமிடத்தில், அதிகம் போனால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? இடைப்பட்ட நேரத்தில் சிரிக்கிறீர்களா, சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. டி-மெர் என்று நாங்கள் சொல்லும் ஓர் அனிச்சை அது, தும்மல் மாதிரி. புரோலாக்டினுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது மூளையிலுள்ள டோபமின் என்ற ரசாயனம். புரோலாக்டின் ஏற அந்தக் கடிவாளம் சற்றுத் தளர வேண்டும். சிலருக்கு டோபமின் சட்டென்று இறங்கிவிடுவதால்தான் மனமும் கூடவே இறங்குகிறது என்று கருதுகிறோம். பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் தெரிந்ததுமே பாதி பயம் போய்விடுகிறது என்று என்னிடம் வரும் தாய்மார்கள் சொல்வார்கள். பெரும்பாலும் மாதம் போகப்போக மட்டுப்படும். பால் கொடுக்க உட்காருமுன் ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடிகாரம் வேறு மாதிரி சொன்னால், அதாவது இரண்டு வாரத்துக்கும் மேலாக நாள் முழுக்க மனம் கனத்துக் கிடந்தால், பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம், பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை. செத்துப்போகலாம், பிள்ளையை ஏதாவது செய்துவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தாலும் அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தனியாகப் போகாதீர்கள். எதுவானாலும் தைராய்டும் ரத்த அளவும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும் மனம் இப்படித்தான் ஆடும்.

பீடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புகையிலைத் தூளிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்ப் பாலிலும் கலக்கும். பீடி சுற்றும் சொளவுக்குப் பக்கத்தில் தொட்டில் வேண்டாம். வேலை முடிந்து எழுந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, சேலையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

அத்தையோடு சண்டை வேண்டாம். அவர் சொன்னது அவர் உடம்புக்கு உண்மையாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் புட்டி ஏது? ராத்திரி எத்தனை தடவை எழுந்து பால் கொடுத்தீர்கள், எத்தனை வயதுவரை பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தீர்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.