வாயைத் திறந்தாலே வலியால் அலறும் குட்டி

கேள்வி: எங்கள் கிரேட் டேன் நாய்க்குட்டிக்கு 5 மாதம் ஆகிறது. சில நாட்களாகக் கொட்டாவி விடும்போதுகூட வலியால் அலறுகிறது. உணவுக் கிண்ணத்தை ஆவலோடு முகர்ந்துவிட்டு, உண்ணாமல் விலகிப் போகிறது. எச்சில் ஒழுகுகிறது, காய்ச்சலும் விட்டுவிட்டு வருகிறது. பல் விழுந்து முளைக்கும் பருவத் தொல்லை என்றே எண்ணியிருந்தோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், கீழ்த்தாடை எலும்பு இருபுறமும் தடித்திருப்பதாகக் கூறுகிறார். இது புற்றுநோயா?

பதில்: புற்றுநோய் அன்று. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளும் குட்டியின் வயதும், கிரேனியோமாண்டிபுலர் ஆஸ்டியோபதி எனப்படும் நோயோடு பொருந்துகின்றன. வெஸ்ட் ஹைலேண்ட் வைட் டெரியர் போன்ற சிறிய இனங்களிலேயே மிகுதியாகக் காணப்படும் இந்நோய், கிரேட் டேன், லாப்ரடார், டாபர்மேன் போன்ற பெரிய இனங்களிலும் அரிதாக வருவதுண்டு. பெரும்பாலும் 3 முதல் 8 மாத வயதுக்குள், கீழ்த்தாடையின் மேலும் நடுச்செவியைச் சூழ்ந்த எலும்பின் மேலும் தேவையற்ற புது எலும்பு படியத் தொடங்குகிறது. வளர்ச்சி முடியும் ஏறத்தாழ ஓராண்டு வயதில் அது தானாகவே நின்று, பல குட்டிகளில் ஓரளவு கரைந்தும் விடுகிறது.

ஆகவே அதுவரை வலியை அடக்குவதும் குட்டி மெலியாமல் பார்த்துக்கொள்வதுமே சிகிச்சை. மருத்துவர் அழற்சி எதிர்ப்பு மருந்தோ ஸ்டீராய்டோ தரக்கூடும். இரண்டையும் ஒருசேரக் கொடுக்கக் கூடாது. வீட்டில் மனிதருக்காக வைத்திருக்கும் இபுபுரூஃபன் மாத்திரையைத் தொடவே வேண்டாம். அது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். உணவை மெல்லத் தேவையில்லாதபடி நன்றாகக் கூழாக்கி, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். பசியிருந்தும் உண்ண முடியாததுதான் இந்நோயின் கொடுமை என்பதால், எடையை வாரந்தோறும் குறித்து வைப்பது, குட்டியின் முகத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட நம்பகமானது. எடை தொடர்ந்து இறங்கினால் குழாய் வழியே உணவூட்ட நேரிடலாம்.

எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பதற்காக வாயை வலிந்து பிளக்காதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்யட்டும். மயக்கத்திலும் வாய் திறக்கவில்லை என்றால், புது எலும்பு தாடை மூட்டையே பூட்டிவிட்டதா என ஆராய வேண்டியிருக்கும். குட்டியின் எதிர்காலம் பெரிதும் அந்த மூட்டைப் பொறுத்ததே.

டெரியர் இனங்களில் இது பரம்பரை நோய் என்பது உறுதியாகத் தெரிந்திருப்பதால், உங்கள் நாய் முழுமையாகத் தேறினாலும் அதை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாமல் இருப்பதே முறை. குட்டியைத் தந்தவரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.