மருத்துவர் பதில்: தோட்டை அடகு வைத்துவிட்டுச் சிரிக்கும் மகன்

கேள்வி: எனது மகனுக்கு 20 வயது. கொழும்பில் கடை வேலையில் சண்டை பிடித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன் ஹட்டன் பக்கம் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டான். வாயைத் திறந்தால் பொய், வெளியே போனால் அடிதடி. சட்டையைத் துவைக்கும்போது பொக்கெட்டில் அடகுச் சீட்டு இருந்தது, என் தோடு. கேட்டால் சிரிக்கிறான். பிறவிக் குணமா, நோயா?

பதில்: அம்மா, முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. பள்ளிக்கூடம் போன காலத்தில் அவன் எப்படி?

பொய்யும் அடிதடியும் அடுத்தவரை மதிக்காமையும் குணமாகவே ஊறிப்போவதைச் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்பார்கள். 18 வயதுக்கு முன் யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குப் பிறகும், களவு, கொடுமை, ஓயாத பொய் போன்றவை 15 வயதுக்கு முன்பே இருந்திருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். கொழும்புக்குப் போகும்வரை ஒழுங்காக இருந்த பிள்ளை என்றால் கசிப்பு, ஐஸ் போதை, கடன், மனச்சோர்வு என்று வேறு பக்கம் தேட வேண்டும். இரவில் தூங்காமல் தனியாகப் பேசுகிறானா, எல்லாரையும் சந்தேகப்படுகிறானா என்றும் பாருங்கள். அப்படியென்றால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

முன்கோபம், அவசரபுத்தி, அடுத்தவர் வலி உறைக்காமை எல்லாம் உயரம் மாதிரி, ஆளுக்கு ஆள் கூடும் குறையும். பாதி பரம்பரை, பாதி வளர்ந்த சூழல். பிறவிக் குணம் என்றாலும் மாறாது என்றில்லை. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சிறுவயதிலிருந்தே கவனித்து வருகிறார்கள். பதின்வயதில் தறிகெட்டுத் திரிந்த பலர் பெரியவர்களானதும் அடங்கிவிட்டார்கள். சின்ன வயதிலேயே தொடங்கிய சிலர்தான் விடாமல் போனார்கள்.

சிரிப்பை வைத்து மனச்சாட்சியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வெட்கத்தை மறைக்கவும் இந்த வயதில் சிரிப்பார்கள். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் பதறுகிறானா? எனக்கு அந்தத் தகவல்தான் பெரிது. லயத்துச் சனத்துக்கு முன்னால் அவனை விசாரிக்க வேண்டாம். ஒருமுறை ‘காவாலி’ என்று பெயர் விழுந்தால், அந்தப் பெயரைக் காப்பாற்றவே சிலர் நடக்கிறார்கள்!

குணத்துக்கு மாத்திரை கிடையாது. கூட இருக்கும் போதைக்கும் சோர்வுக்கும் வைத்தியம் உண்டு. கிட்டிய அரச வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரியுங்கள். அவன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். மனநல உதவி எண் 1926க்குப் போன் செய்தும் பேசலாம். கையை ஓங்கினால் பொலிஸ், 119. அதில் தாய்ப்பாசம் பார்க்க வேண்டாம்.

அப்புறம், அவன் கடனை நீங்கள் இரகசியமாகக் கட்டாதீர்கள். அடகுச் சீட்டு உங்களிடமே இருக்கட்டும். அடுத்த வேலையின் முதல் சம்பளத்தில் தோடு திரும்ப வேண்டும் என்று இப்போதே, சத்தம் போடாமல் சொல்லிவிடுங்கள்.