மூன்றாம் வருடத்து வாடிக்கையாளர்

வணக்கம் சார்,

பேட்டரியைக் கழற்ற முடியாத போன்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்து நம் தலையில் கட்டுகின்றன, வாங்குகிறவர்களைக் கேட்டுத்தான் போனை வடிவமைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் பதினோரு வருடமாக மொபைல் கடையில் விற்பனையில் இருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் கேட்பது கேமரா எவ்வளவு, ஜி.பி. எவ்வளவு, என்ன கலர் இருக்கிறது, இ.எம்.ஐ. உண்டா என்பதுதான். பேட்டரியைக் கழற்றலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டு ஐந்தாறு வருடமாவது இருக்கும். "கைக்கு அடக்கமா சின்னதா காட்டுங்க" என்று சொல்கிறவர், சின்னதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஸ்கிரீனுக்குத்தான் பில் போடச் சொல்கிறார். என்ன வேண்டும் என்று மக்களுக்கே தெரியாது, காட்டினால்தான் தெரியும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். தொழில் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். பிடிக்காதவர் வேறு போன் வாங்கட்டும். இதற்குள் அரசாங்கம் புகுந்து சார்ஜர் இப்படி இருக்கணும், பேட்டரி அப்படி இருக்கணும் என்று சட்டம் போட்டால் பத்து வருடம் பின்னால் நின்றுவிடுவோம்.

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர் எழுதிய கடிதம், அதனால் இரண்டு தடவை படித்தேன். நான் எழுதியதில் ஒரு பாதி தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். "வாங்குகிறவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்" என்று சொன்னது அவசரத்தில் சொன்னது.

சின்ன போன் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் நடந்தது. போன்கள் பெருத்துக்கொண்டே போகின்றன, ஒரு கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். ஆப்பிள் 2020-ல் ஐபோன் 12 மினியைக் கொண்டுவந்தது, 5.4 அங்குலம். அடுத்த வருடம் 13 மினி. கேட்டவர்கள் போதுமான அளவுக்கு வாங்கவில்லை. 2022-ல் மினியை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் பிளஸ் என்று ஒரு பெரிய போனை வைத்தார்கள். அதற்கு முன்னால் 2011-ல் சாம்சங் 5.3 அங்குலத்தில் முதல் கேலக்ஸி நோட் போனைக் கொண்டுவந்தபோது இதைக் காதில் வைத்துப் பேச முடியுமா என்று சிரித்தவர்கள் நிறைய. இன்று அந்த அளவைச் சின்னது என்கிறோம். ஸ்கிரீன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை வாயால் கேட்டு முடிவு செய்ய முடியாது. அதைக் கம்பெனிகளிடமே விட்டுவிடுவோம்.

ஆனால் ஜாப்ஸ் சொன்னதை நூற்றுக்கு நூறு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். 1998-ல் ஒரு பேட்டியில் அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். அதே ஜாப்ஸ் 2007-ல் முதல் ஐபோனைக் கொண்டுவந்தபோது வெளியாட்கள் எழுதும் ஆப் எதையும் அதில் போட முடியாது. பிரௌசரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை, போனின் மென்பொருள் பூட்டை உடைத்து ஆப்களைத் தாங்களே போட ஆரம்பித்தார்கள். அந்த வருடம் அக்டோபரிலேயே கம்பெனி இறங்கிவந்தது, 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. இன்று நீங்கள் விற்கும் எந்த போனிலும் ஆப் இல்லாமல் என்ன இருக்கிறது? என்ன வேண்டும் என்று அங்கே வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

இதைவிட நமக்குப் பக்கத்திலிருக்கும் உதாரணம் இரண்டு சிம். பதினோரு வருடம் என்கிறீர்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. ஒரே கம்பெனி எண்ணுக்குள் பேசினால் ஒரு ரேட், வெளியே பேசினால் வேறு ரேட் என்று இருந்த காலம். ஆளுக்கு இரண்டு சிம், மூன்று சிம். பர்ஸில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு சிம்மைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ராத்திரி ஆனால் பின்மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, பகல் சிம்மைக் கழற்றி ராத்திரி சிம்மைப் போட்டு, போனை மறுபடி ஆன் செய்து, டவர் வரும்வரை காத்திருந்து பேசுவார்கள். இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த நோக்கியாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, ஆனாலும் செய்யவில்லை. செய்தது சீனத்துச் சின்னக் கம்பெனிகளும் நம்மூர் மைக்ரோமேக்ஸ், கார்பன் போன்றவர்களும். தைவானின் மீடியாடெக் சிப்பும் அதைச் சுற்றியுள்ள ஏற்பாடும் சேர்த்துத் தயாராகக் கொடுத்ததால், பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லாதவர்களும் கடைத்தெருவில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதை அப்படியே போனாக்க முடிந்தது. நோக்கியா 2010-ல்தான் இரண்டு சிம் போனை அறிவித்தது. அதற்குள் சந்தை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஆப்பிள் அந்தப் பக்கம் வந்தது 2018-ல். இதை எந்த மேதையும் மேடையேறிக் காட்டவில்லை. பர்ஸில் சிம் வைத்திருந்தவர்கள் முடிவு செய்தது.

ஆக, சில விஷயங்களில் செய்கிறவர் சொன்னது பலித்திருக்கிறது, சிலவற்றில் வாங்குகிறவர் சொன்னது. இதை வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது தெளிவானது. உங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர் போன் வாங்கும் நாளின் மனிதர். அன்றைக்கு அவருக்கு எல்லாமே புதுசு, பேட்டரி நூறு காட்டும், கண்ணாடி மின்னும், அதனால் அவர் கேமராவைக் கேட்பார், கலரைக் கேட்பார், பேட்டரியைக் கழற்றலாமா என்று ஏன் கேட்கப்போகிறார்? அந்தக் கேள்வி அவருக்கு மூன்றாம் வருடம் வரும். வரும்போது அவர் உங்கள் ஷோரூமில் இருக்க மாட்டார், சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடையில் இருப்பார். சந்தை என்று நாம் சொல்வது முதல் நாள் மனிதரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறது.

நானும் அந்தச் சந்துக்குப் போய் வந்தேன். அம்மாவின் போன், மூன்று வருடம் ஆகிறது. மேஜையில் வைத்தால் ஆடியது. பார்த்தால் பின்கண்ணாடி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது, பேட்டரி உப்பியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் போன் விலையில் கிட்டத்தட்ட பாதி சொன்னார்கள், அதுவும் பார்ட்ஸ் வந்தால் என்றார்கள். அப்புறம்தான் சின்னக் கடைக்கு எடுத்துப் போனேன். இருபத்திரண்டு வயசிருக்கும் அந்தத் தம்பிக்கு. "சார், உப்பின பேட்டரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். சூடேறும் தகட்டில் போனைக் கவிழ்த்து வைத்தார். பத்து நிமிடம் கழித்து, நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஓரத்தில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். பசை நூல் நூலாக வந்தது. கேமரா மூலையில் டிக்கென்று ஒரு சத்தம், கண்ணாடியில் கோடு விழுந்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தவறு அவருடையது இல்லையே. உள்ளே பேட்டரியும் பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தது. பிடித்து இழுக்கும் பட்டை பாதியில் அறுந்துவிட, ஊசியால் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நெம்பாமல் நோகாமல், முக்கால் மணி நேரம். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் ஒரு பொருளை, விடாத பசை போட்டு ஒட்டி, கண்ணாடிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான் என்று செய்தவர்களுக்கே தெரிந்த பொருள் அது.

தண்ணீர் போகாமல் இருக்க ஒட்டியாக வேண்டும் என்று ஒரு பதில் சொல்வார்கள். நீங்களும் கவுன்ட்டரில் சொல்லியிருப்பீர்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் 2014-ல் வந்த சாம்சங் எஸ்5-க்கு நகத்தால் திறக்கும் மூடி, கையால் எடுக்கும் பேட்டரி, அதோடு ஐபி67 தரம். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மறு வருடம் வந்த எஸ்6 கண்ணாடி போட்டு ஒட்டியது, பேட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்டும் கிடையாது. அதற்குத் தண்ணீர்த் தரச் சான்றும் இல்லை. ஒட்டியது அழகுக்காகவும் மெலிவுக்காகவும் என்றால் அதைச் சொல்லிவிடலாம், முதல் நாள் மனிதருக்கு அது பிடித்தும் இருக்கிறது. மூன்றாம் வருடத்து மனிதரிடம் தண்ணீரைக் காரணம் சொல்லக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த முடிவில் கம்பெனிகளை நான் நம்பாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆப்பிள், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்துவந்ததாக ஒப்புக்கொண்டது. பேட்டரி திடீரென்று கைவிட்டு போன் அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். சரி, அது நியாயமான காரணமாகவே இருக்கட்டும், ஆனால் போனுக்குச் சொந்தக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. போன் மெதுவாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேர் புதுசு வாங்கியிருப்பார்கள். கோபம் கிளம்பிய பிறகு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலருக்குக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று முதலீட்டாளர்களுக்கு அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக் எழுதிய கடிதத்தில், ஜனங்கள் மலிவாகப் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் ஒரு காரணமாகச் சொல்லியிருந்தார். பேட்டரியை மாற்ற வழி கொடுத்தால் ஜனங்கள் பழைய போனையே வைத்துக்கொள்வார்கள் என்று செய்கிறவர் வாயாலேயே வந்துவிட்டது. இதைத் தெரிந்தவர்கள் கையில், திறக்கலாமா வேண்டாமா என்ற முடிவை மட்டும் எப்படி நம்பி விடுவது?

பிடிக்காதவர் வேறு வாங்கட்டும் என்கிறீர்கள். ஹெட்போன் ஜாக் என்ன ஆயிற்று? 2016-ல் ஐபோன் 7-ல் அதை எடுத்தார்கள், அதே மேடையில் ஒயர் இல்லாத ஏர்பாட்ஸை 159 டாலர் என்று அறிவித்தார்கள். சாம்சங் அதை விளம்பரத்தில் கேலி செய்தது, ஜாக் வேண்டும் என்றால் எங்களிடம் வாருங்கள் என்கிற மாதிரி. 2019-ல் நோட் 10-ல் சாம்சங்கும் எடுத்துவிட்டது. விலை கூடிய போன்களில் இன்று ஜாக் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் ஒரே பக்கம் போகும்போது "வேறு" என்பது எங்கே இருக்கிறது?

அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். எல்லாவற்றுக்கும் இல்லை. கேமரா எத்தனை, ஓரம் வளைவா நேரா, இதிலெல்லாம் சர்க்காருக்கு வேலை கிடையாது. சார்ஜரில் நீங்கள் சொல்லும் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. 2009-ல் ஐரோப்பாவில் பெரிய கம்பெனிகள் சேர்ந்து மைக்ரோ யு.எஸ்.பி.க்குத் தாமாக ஒப்பந்தம் போட்டார்கள், அதை அன்றைக்கே மாற்ற முடியாத சட்டமாக்கியிருந்தால் அந்த நொய்ந்த பின்னையே இன்னும் குத்திக்கொண்டிருப்போம். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே அமலுக்கு வந்த டைப்-சி சட்டத்தில், தொழில்நுட்பம் மாறினால் திருத்திக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் அதற்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15-ல் டைப்-சிக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒயர்தான் எல்லாருக்கும். யாரும் பத்து வருடம் பின்னால் போகவில்லை.

பேட்டரிக்கு அங்கே போட்டிருக்கும் விதிகளைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 20 முதல், 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடத்துக்கு முக்கியமான பார்ட்ஸ் கிடைக்க வேண்டும். போனோடு ஒரு லேபிளும் உண்டு. ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே அந்த மாதிரி, ஆனால் இதில் பேட்டரி எத்தனை சார்ஜ் தாங்கும் என்று எண்ணும், கீழே விழுந்தால் எப்படி, ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்று ஏ முதல் இ வரை எழுத்தும் போட்டிருக்கும். 2027 பிப்ரவரி 18 முதல் பேட்டரியைச் சொந்தக்காரரே மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்ற விதியும் வருகிறது, நீண்ட நாள் உழைக்கும் பேட்டரியோடு தண்ணீரும் தாங்கும் போன்களுக்கு அதில் விலக்கு உண்டு. எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது அந்த லேபிள். கம்பெனியிடம் இப்படிச் செய் என்று அது சொல்வதில்லை. மூன்றாம் வருடம் என்ன ஆகும் என்பதை முதல் நாளே கவுன்ட்டரில் வைத்துவிடுகிறது.

நம் நாட்டில் ரிப்பேர் உரிமைக்கு 2022-ல் நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது, அப்புறம் ஒரு இணையதளமும் வந்தது. கடையில் ஒட்டும் அளவுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. வரும்வரை அந்த லேபிள் வேலையை உங்களைப் போன்றவர்கள் செய்யலாம் என்று தோன்றுகிறது. கலர் கேட்கிறவரிடம் கலரைக் காட்டுங்கள். பில் போடும் முன்னால், இந்த மாடலுக்குப் பேட்டரி மாற்ற இன்றைக்கு இவ்வளவு ஆகிறது, அப்டேட் இத்தனை வருடம் வரும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டு எத்தனை பேர் வேறு மாடல் பக்கம் திரும்புகிறார்கள், எத்தனை பேர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று இரண்டு மாதம் கவனித்து எனக்கு எழுதுங்கள். யாரும் திரும்பவில்லை என்றால் அதையும் அப்படியே போடுகிறேன்.

அம்மாவின் போன் இப்போது மேஜையில் ஆடாமல் இருக்கிறது. கேமரா மூலையில் விழுந்த கோட்டின் மேல் அந்தத் தம்பியே டேப் ஒட்டிக் கொடுத்தார், கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார், நான் வேண்டாம் என்று சொல்லியும்.