பிரிட்டன் தேர்தல்: முகம் ஒரு கணக்கு, தொகுதி வேறு கணக்கு

பிரிட்டன் பொதுத்தேர்தலைப் பற்றிக் கேளுங்கள் என்றதற்கு இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. லண்டன் புறநகரில் இருபது வருடமாக இருந்துகொண்டு ஒவ்வொரு தேர்தலுக்கும் விடிய விடிய முடிவு பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, அங்கே பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லையே, அப்புறம் ஏன் தலைவர் முகத்தை வைத்தே பிரசாரம்?

பதில்: தன் தொகுதி வேட்பாளர் பெயரே பலருக்குத் தெரியாது, டிவியில் தெரிகிற முகத்தின் மேல்தான் மனசு போகும். ஆனால் அந்த மனசு சீட்டாக மாறுமா என்பது வேறு கதை. 2010 ஏப்ரல் 15 அன்று முதல் முறையாக மூன்று கட்சித் தலைவர்களும் டிவி விவாதத்தில் நின்றார்கள். லேபரின் கார்டன் பிரவுன், கன்சர்வேடிவ் டேவிட் கேமரூன், இவர்களோடு அதுவரை பெரிதாக யாரும் கவனிக்காத லிபரல் டெமாக்ராட் (சுருக்கமாக லிப் டெம்) நிக் கிளெக். கிளெக் கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார், பிரவுனே திரும்பத் திரும்ப "நிக் சொல்வது சரிதான்" என்றார். சில நாட்களில் ஒன்றிரண்டு கருத்துக்கணிப்புகளில் லிப் டெம் முதலிடத்துக்கே போய்விட்டது, ஊரெல்லாம் அதே பேச்சு. மே 6 வந்தது, 23 சதவீத வாக்கு, 57 இடம். ஐந்து வருடத்துக்கு முன் இருந்ததோ 62!

இப்போது 2024-ஐப் பாருங்கள். அதே கட்சியின் தலைவர் எட் டேவி ஏரியில் துடுப்புப் பலகையிலிருந்து விழுந்தார், கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தார், பாதிப் பேர் சிரித்தார்கள். கிடைத்தது 12.2 சதவீதம்தான், ஆனால் 72 இடம். கிட்டத்தட்ட பாதி வாக்கில் கூடுதல் சீட். கிளெக்கின் வாக்கு நாடு முழுக்கத் தூறலாக விழுந்தது, டேவியின் வாக்கு வேண்டிய வயலில் மட்டும் விழுந்தது.

கேள்வி: டாக்டிகல் வோட்டிங் என்றால் கட்சிகள் மேலே பேசி வைத்துக்கொள்வதா?

பதில்: இல்லை, பெரும்பாலும் வாக்காளரே போடுகிற கணக்கு. எனக்குப் பிடித்த கட்சி இங்கே ஜெயிக்காது, பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கக்கூடியவர் யார், அவருக்குப் போடு. 1992-இல் லிப் டெமுக்கு 17.8 சதவீதம், 20 இடம். 1997-இல் சதவீதம் ஒன்று குறைந்தது, இடம் 46 ஆனது. கன்சர்வேடிவை அனுப்பியே தீருவது என்று லேபர்காரர்களும் லிப் டெம்காரர்களும் தொகுதிக்குத் தொகுதி மாற்றிப் போட்டதற்கு அதில் பெரிய பங்கு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வின்செஸ்டர் தொகுதி. 1997 மே மாதம் லிப் டெம் வேட்பாளர் அங்கே இரண்டே வாக்கில் ஜெயித்தார். தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் நீதிமன்றம் போய் மறுதேர்தல் வாங்கினார். நவம்பரில் நடந்தது, வித்தியாசம் 21,556! லேபர்காரர்களுக்கு இப்போது யார் முதல் இரண்டு இடம் என்பதில் சந்தேகமே இல்லை, மொத்தமாக லிப் டெம் பக்கம் மாறினார்கள், லேபருக்கு டெபாசிட் போயிற்று. வழக்குப் போட்டவர் நிலையை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

கேள்வி: என் தொகுதியில் இரண்டாவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்கு வருகிற நோட்டீஸ் ஒவ்வொன்றும் ஒன்று சொல்கிறது.

பதில்: நோட்டீஸை நம்பாதீர்கள், அதிலும் பார் சார்ட் போட்டிருந்தால் நம்பவே நம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை வந்ததில் 19 சதவீதக் கம்பம் 30 சதவீதக் கம்பத்தின் தோள் அளவுக்கு நின்றது (எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன்). போன தேர்தல் முடிவைப் பாருங்கள், உள்ளாட்சியில் யார் ஜெயிக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2024-இல் தொகுதி எல்லைகளே மாறியதால் பழைய முடிவையும் புது எல்லைக்கு மாற்றிக் கணக்கிட்டதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கேள்வி: சென்னையிலிருந்து படிக்க வந்திருக்கிறேன், எனக்கு ஓட்டு உண்டா?

பதில்: உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கே வசித்தால் போதும், பொதுத்தேர்தலில் போடலாம். இலங்கைக்காரர்களுக்கும் அப்படியே. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், சாவடிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள்.

கேள்வி: நம் ஊர் போலத் தேர்தலுக்கு முன்பே தொகுதிப் பங்கீடு ஏன் இல்லை? இந்தத் தேர்தல் முறையே நாம் அவர்களிடமிருந்து எடுத்ததுதானே?

பதில்: செய்து பார்த்திருக்கிறார்கள். 1983-இல் லிபரல் கட்சியும், லேபரிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய எஸ்டிபி கட்சியும் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டு நின்றன. அவர்களுக்கு 25.4 சதவீதம், லேபருக்கு 27.6. சீட் எவ்வளவு தெரியுமா? 23-க்கு 209. அப்புறம் இன்னொன்று, இங்கே எதிர்க்கட்சிகளுக்கு நாடாளுமன்றப் பணிக்காகக் கிடைக்கிற "ஷார்ட் மணி" என்கிற அரசுப் பணம் சீட்டை மட்டுமல்ல, வாக்கையும் பொறுத்தது. ஒரு தொகுதியை விட்டுக்கொடுத்தால் அந்த வாக்கும் போச்சு. அதனால் வேட்பாளரை நிறுத்திவிட்டு, அங்கே பிரசார வேலை பார்க்காமல் இருந்துவிடுவார்கள். வாயால் சொல்லாத உடன்பாடு.

கேள்வி: 2010-இல் கிளெக் ஏன் லேபரோடு போகவில்லை? கொள்கையில் அதுதானே நெருக்கம்?

பதில்: பிரவுனோடு ஒத்துப்போகவில்லை, கேமரூனோடு ஒத்துப்போனது என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் எனக்கு எண்ணிக்கைதான் முதல் காரணம். மொத்தம் 650, பாதியைத் தாண்ட 326. லேபர் 258, லிப் டெம் 57, கூட்டினால் 315. பல சிறு கட்சிகளைக் கெஞ்சியிருக்க வேண்டும். கன்சர்வேடிவ் 306-ஓடு கூட்டினால் நிம்மதியாக 363. லேபரோடு பேச வழி திறக்கட்டும் என்று பிரவுன் கட்சித் தலைமையை விட்டுவிலகவும் தயார் என்றார், அதுவும் உதவவில்லை. ஐந்தாவது நாள் கேமரூன் பிரதமர், கிளெக் துணைப் பிரதமர்.

இதற்கு லிப் டெம் கொடுத்த விலை பெரிது. கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்களின் ஆட்சியிலேயே அந்த வருட டிசம்பரில் உச்சவரம்பு 9,000 பவுண்டு ஆனது. ஆசையாகக் கேட்டு வாங்கிய வாக்குமுறை மாற்றத்தை 2011 பொதுவாக்கெடுப்பில் 67.9 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். லேபர் ஆதரவாளர்கள் கொடுத்துவந்த இரவல் வாக்கு அத்தோடு நின்றது. 2015-இல் மிஞ்சியது 8 பேர். கிளெக் தன் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதியில் தப்பித்ததே கன்சர்வேடிவ்காரர்கள் இரவல் கொடுத்ததால்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

கேள்வி: 2017-இல் தெரசா மே அமைத்ததும் கூட்டணி ஆட்சிதானா?

பதில்: இல்லை, பெரும்பான்மை கிடைக்காத கன்சர்வேடிவ் ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு. வட அயர்லாந்தின் டியூபி கட்சிக்கு 10 பேர், அமைச்சர் பதவி கேட்கவில்லை, வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். தலைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் போன முறை யாருக்குப் போட்டீர்கள் அக்கா?

பதில்: அதை வீட்டிலேயே சொன்னதில்லை. பிடித்தவரை விட்டுவிட்டு, ஜெயிக்கக்கூடியவர் என்று மூன்று நாள் கணக்குப் போட்டு ஒருவருக்குப் போட்டேன். அவர் மூன்றாவதாக வந்தார்.