‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? – கேள்வி பதில்

‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மற்றவற்றுக்கு இங்கே பதில்.

கே: சார், ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் ‘செட்’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் ‘ரன்’ என்கிறீர்களே?

ப: நீங்கள் படித்த காலத்துக்கு அது சரி. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், 430 பொருள்கள். பிறகு அகராதியைத் திருத்தும் வேலையில் ‘ரன்’னின் முறை வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. இயந்திரங்கள் பெருகியதும் ஒரு காரணம். ரயில், மோட்டார், கடைசியாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று காலே இல்லாதவை எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன.

கே: தமிழில் ‘ஓடு’ என்று போட்டுக்கொண்டால் எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

ப: பாதி தூரம் வரும். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. இங்கெல்லாம் ‘ரன்’ போட்டால் சரி. அதற்கு மேல் தமிழ் தன் வழியில் போய்விடும். ஆங்கிலத்தில் மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். அங்கே துணியில் சாயம் ‘ரன்’ ஆகும், இங்கே சாயம் போகும். ‘ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. எனக்குப் பிடித்தது கடை விஷயம்தான்: ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’ என்று அவர்கள் கடையை ஓடவிடுகிறார்கள்; நாம் நிதானமாக ‘நடத்து’கிறோம்.

கே: அமெரிக்கச் செய்தியில் ‘ரன்னிங் ஃபார் பிரசிடென்ட்’ என்கிறார்கள். தேர்தலில் எதற்கு ஓட வேண்டும்?

ப: அமெரிக்கர்கள் ஓடுவார்கள். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்றுதான் சொல்வார்கள். நம் ஊர் வேட்பாளரும் தேர்தலில் நிற்கத்தானே செய்கிறார்!

கே: ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்று எழுதினேன். டீச்சரை ஏன் இடித்தாய் என்று அண்ணன் கேலி செய்கிறான். தப்பா?

ப: தப்பே இல்லை. எதிர்பாராமல் பார்த்தேன் என்று அர்த்தம். அண்ணன் சொல்வதும் முழுக்கத் தவறில்லை: ‘த கார் ரேன் இன்டு எ வால்’ என்றால் கார் சுவரில் மோதியதுதான். செலவு ‘ரன்ஸ் இன்டு லேக்ஸ்’ என்றால் லட்சக்கணக்கில் போகிறது. ஆக, ‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லையும், அதற்கடுத்து யார் அல்லது எது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘ரன் ஓவர்’ என்பதில் கவனமாக இருங்கள். மீட்டிங் ‘ரேன் ஓவர்’ என்றால் நேரம் தாண்டிவிட்டது. நாயை ‘ரேன் ஓவர்’ என்றால் வண்டியை ஏற்றிவிட்டார்கள். அப்புறம், வீட்டில் பால் தீர்ந்தால் நாம் ‘மில்க் இஸ் ஓவர்’ என்போம். ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்பது இயல்பான ஆங்கிலம்.

கே: அது ‘ஹாவ் ரேன் அவுட்’ இல்லையா?

ப: இல்லை. ரன், ரேன், ரன். மூன்றாவது வடிவம் மறுபடி ‘ரன்’தான். படித்தவர்களே அடிக்கடி சறுக்கும் இடம் இது.

கே: மேனேஜர் ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று மெயில் போட்டிருக்கிறார். புரோகிராமை அவர் மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டுமா?

ப: வேண்டாம். முதலில் என்னிடம் சொல்லி, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டுக்கொள் என்கிறார். கிளையன்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் காட்டிவிடுங்கள். ‘பை’ இல்லாமல் ‘ரன் இட்’ என்று மட்டும் வந்தால்தான் புரோகிராமை ஓட்ட வேண்டும்.

கே: ‘பேங்க் ரன்’ என்பது வங்கிகள் நடத்தும் மாரத்தானா?

ப: கிட்டத்தட்ட மாரத்தான்தான், ஆனால் ஓடுவது வாடிக்கையாளர்கள். வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போவதற்கு அந்தப் பெயர். வங்கியில் மக்கள் போட்ட பணத்தின் பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கும் இதே கதி. அங்கே பெரும்பாலும் இணையம் வழியாகவே பணம் கிளம்பிவிட்டது.

கே: லீவ் லெட்டரில் ‘ஐ ஹாவ் ரன்ஸ்’ என்று எழுதலாமா? வயிற்றுப்போக்குக்கு அப்படிச் சொல்வார்களாமே?

ப: ‘த’ விட்டுப்போச்சு, ‘த ரன்ஸ்’ என்று எழுதினால்தான் அந்த அர்த்தம் வரும். அதுவும் நண்பர்களுக்குள் பேசும் பேச்சு. ஆபீஸுக்கு ‘ஸ்டமக் அப்செட்’ என்று எழுதுங்கள், போதும். முதலில் கொஞ்சம் உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்.