சிஎஸ்எஸ் கோப்பில் உள்ள நிறங்களைச் சர்வர் நிரலிலும் பயன்படுத்துவது எப்படி?

தளத்தின் நிறங்களும் அகலங்களும், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் இருக்கின்றன, அதே மதிப்புகள் பைத்தான் நிரலுக்கும் தேவைப்படுகின்றன, அந்தக் கோப்பைச் சர்வரிலேயே படித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க முடியும், ஆனால் அந்த வழிக்குப் போகாதீர்கள். மதிப்புகளை சிஎஸ்எஸ்ஸிலிருந்து வெளியே கொண்டுவந்து, சிஎஸ்எஸ்ஸும் சர்வரும் ஒரே இடத்திலிருந்து அவற்றைப் பெறும்படி செய்யுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. தரமணியில் நான் வேலை பார்த்த நிறுவனம், தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் இணையதளத்தைக் கவனித்துவந்தது. ஆடித் தள்ளுபடிக்கு முன்பு கடையின் பச்சை நிறத்தை அரக்குச் சிவப்பாக மாற்றச் சொன்னார்கள். சிஎஸ்எஸ் மாறி ஒன்றின் (ஒரு மதிப்புக்குப் பெயர் வைத்துப் பல இடங்களில் பயன்படுத்தும் வசதி) மதிப்பை மாற்றினோம், தளம் முழுவதும் மாறிவிட்டது. மறுநாள் கடையின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், தளம் சிவப்பில் இருக்கிறது, ரசீது மட்டும் பச்சையில் வருகிறது. இது உங்கள் கடை ரசீதுதானா என்று ஒரு அம்மா கேட்கிறார்." பணம் கட்டியவருக்கு அந்தச் சந்தேகம் வரும்படி விட்டது எங்கள் தவறு.

மின்னஞ்சலும் பிடிஎஃப் ரசீதும் பிரவுசரில் உருவாவதில்லை. விண்டோஸுக்கான அவுட்லுக் 2007 பதிப்பு முதல் வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டே மின்னஞ்சலைக் காட்டிவந்தது. அதற்கு சிஎஸ்எஸ் மாறி என்றால் என்னவென்றே தெரியாது. வெப்கிட் என்ற பிரவுசர் இயந்திரத்தின் பழைய பதிப்பை நம்பிய பிடிஎஃப் கருவிகளும் அப்படியே. அங்கெல்லாம் நிறத்தின் எண்ணைச் சர்வரே நேராக எழுதித் தர வேண்டும்.

சர்வர் ஏன் சிஎஸ்எஸ் கோப்பைப் படிக்கக் கூடாது? அந்தக் கோப்பில் இருப்பவை விதிகள் மட்டுமே. ஒரு மாறி இன்னொரு மாறியைச் சுட்டலாம். இருள் தோற்றத்தில் வேறொரு மதிப்பு அதன்மேல் ஏறலாம். எது இறுதியில் நிற்கும் என்பதைப் பக்கத்தையும் திரையையும் பார்த்துப் பிரவுசர்தான் முடிவு செய்கிறது. சர்வரிடம் அந்தச் சூழல் எதுவும் இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். நிறங்கள், இடைவெளிகள், திரை அகல எல்லைகள் எல்லாவற்றையும் ஒரு சிறிய ஜேசன் கோப்பில் (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதிவைக்கும் எளிய கோப்பு) வைத்தோம். வெளியீட்டுக்கு முன் ஓடும் குட்டிப் பைத்தான் நிரல் அதைப் படித்து, சிஎஸ்எஸ் மாறிகள் கொண்ட கோப்பை எழுதிவிடும். சர்வரில் ஓடும் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பு, தொடங்கும்போது அதே ஜேசனை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். மின்னஞ்சல் டெம்ப்ளேட்டும் ரசீதும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உருவாகும் சிஎஸ்எஸ் கோப்பின் தலையில் 'கையால் திருத்தாதீர்கள்' என்று எழுதுங்கள். அது மட்டும் போதாது. சோதனையின்போது மறுபடி உருவாக்கி ஒப்பிட்டு, வேறுபட்டால் வெளியீட்டை நிறுத்துங்கள். அவசரத்தில் யாராவது கட்டாயம் கையால் திருத்துவார்கள்.

அகலங்களை ஜேசனில் வெறும் எண்ணாக வையுங்கள்: 768 என்று மட்டும். பிக்சல் அலகை உருவாக்கும் நிரல் சேர்க்கட்டும். படங்களை எந்த அகலத்தில் வெட்ட வேண்டும் என்று கணக்கிடும் சர்வருக்கு எண்தான் தேவை. இன்னொரு சிக்கல்: திரை அகலத்துக்கேற்ப விதிகளை மாற்றும் மீடியா குவெரியின் நிபந்தனைக்குள் சிஎஸ்எஸ் மாறியைப் பயன்படுத்த முடியாது. ஆகவே திரை எல்லைகளை, சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் சாஸ் மொழியின் மாறிகளாகவும் எழுதித் தர வேண்டியிருக்கும்.

ஒரே செயலியைப் பல கடைகளுக்குத் தருகிறீர்கள், நிறங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன என்றால் சற்று வேறு வழி. முழு சிஎஸ்எஸ்ஸையும் சர்வரில் உருவாக்காதீர்கள். பிரவுசர் அதைச் சேமித்துவைத்துக்கொள்ளும் பயன் குறைந்துவிடும். பொதுக் கோப்பு அப்படியே இருக்கட்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் அந்தக் கடைக்கான நான்கைந்து மாறிகளை மட்டும் எழுதுங்கள். வாடிக்கையாளர் தட்டச்சு செய்த எதையும் சோதிக்காமல் அங்கே விடக் கூடாது. # குறியும் ஆறு பதினாறடிமான எழுத்துகளும் (0 முதல் 9 வரை, A முதல் F வரை) கொண்ட வடிவில் இல்லாத எதையும் நிராகரித்துவிடுங்கள்.

மதிப்பு சர்வருக்கும் தெரிவதில் எனக்கு மிகவும் பிடித்த பயன், எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று அங்கேயே சோதிக்க முடிவதுதான். அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச மாறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு, 4.5. சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் குறிக்கும் ஆர்ஜிபி எண்களில் 255, 204, 0 என்ற மாம்பழ மஞ்சளின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் ஏறக்குறைய 1.5தான் கிடைக்கும், வயதானவர்கள் தொகையைப் படிக்கவே முடியாது. இப்போது யாராவது அப்படி ஒரு நிறத்தை ஜேசனில் வைத்தால் எங்கள் வெளியீடு நின்றுவிடுகிறது.

மாற்றத்தைத் தொடங்கும் முன் பழைய நிறம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள், ஆனால் ஒரே வடிவில் தேடாதீர்கள். எங்கள் பச்சை சிஎஸ்எஸ்ஸில் #006600, மின்னஞ்சல் டெம்ப்ளேட்டில் #060, ரசீது வரையும் நிரலில் 0, 102, 0. மூன்றும் ஒரே நிறம். முதலாவதை மட்டும் தேடியதால்தான் மற்ற இரண்டும் எங்கள் கண்ணில் படவில்லை.