ஆய்வு நல்கையில் (ஃபெல்லோஷிப்பில்) உயராய்வு நிறுவனங்களில் ஓராண்டு தங்கி வந்தவர்கள் ஏன் சாப்பாட்டு மேசையையே நினைத்து உருகுகிறார்கள்? நான் எழுதத்தானே போகிறேன்?

பாதி எழுதிய புத்தகத்தோடு முதல் தடவை போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்த மேசை பொழுதுபோக்குக்குப் போட்டதல்ல. பெர்லினில் 1981இல் தொடங்கிய விஸ்ஸன்ஷாஃப்ட்ஸ்கொலெக் என்ற உயராய்வு நிறுவனத்தில் சேர்ந்து சாப்பிடுவது ஏற்பாட்டிலேயே உண்டு. பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் அதற்குப் பிற்பகல் 3 மணித் தேநீர். அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1958-59இல் ஸ்டான்ஃபோர்டு நடத்தை அறிவியல் உயராய்வு மையத்தில் இருந்தார். இயற்பியல் படித்தவர், சுற்றிலும் சமூக அறிவியல்காரர்கள். எது முறையான கேள்வி என்பதிலேயே அவர்கள் முட்டிக்கொண்டதைப் பார்த்து, இயற்பியலில் ஏன் இந்தச் சண்டை இல்லை என்று யோசித்ததில்தான் 'பாரடைம்' (ஒரு துறையே பொதுவாக ஏற்று நடக்கும் முன்மாதிரி) என்ற கருத்து வந்தது. 1962இல் வெளியான 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' நூலின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

இனி கணக்கு. பத்து மாதம் என்றால் 43 வாரம். வீடு, வங்கி, பதிவு என்று நிலைகொள்ள 5 போய்விடும். விடுமுறைக்கு 3, சக ஆய்வாளர்கள் முன் நீங்கள் ஆற்றும் உரைக்குத் தயாராக 3, கிளம்ப 3. மிச்சம் 29. வாரம் ஐந்து நாள், நாளுக்கு 500 சொல் என்றால் 72,500 சொல். ஒரு புத்தகம் தேறும். ஆனால் காலையில் எழுதிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுப் பேச்சுக்குப் பிறகு எழுத்து ஓடாது. குறிப்பெடுக்கவும் படிக்கவும்தான் சரிவரும். புதுத் திட்டத்தோடு போகிறவர்கள் முதல் நான்கு மாதத்தை நூற்பட்டியல் தயாரிப்பதிலேயே தொலைக்கிறார்கள். (விண்ணப்பத்தில் புதுத் திட்டம்தானே கேட்கிறார்கள் என்று சண்டைக்கு வராதீர்கள். கேட்பது வேறு, முடிவது வேறு.)

உரைக்கு மூன்றாம் அல்லது நான்காம் மாதத்தில் நாள் கேளுங்கள். முதல் மாதம் என்றால் ஆட்களைத் தெரியாது. கடைசி மாதம் என்றால் கிடைக்கும் கேள்விகளை வைத்துத் திருத்த நேரமிருக்காது. எதிரே உயிரியலாளர், இசையமைப்பாளர், சட்டக்காரர் இருப்பார்கள். கோட்பாட்டில் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் கை நழுவிப்போவார்கள். கல்வெட்டு உங்கள் துறையா? சிதைந்த ஓர் எழுத்தை மட்டும் திரையில் பெரிதாகப் போட்டு, அதை 'க' என்று படித்தால் என்ன பொருள், 'த' என்றால் என்ன பொருள் என்று ஆரம்பியுங்கள். "வெட்டும்போதே உடைந்ததா, பிறகு உடைந்ததா, எப்படித் தெரியும்?" என்று உயிரியலாளர் கேட்பார். உங்கள் துறைக்காரர் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. அன்றே எழுதி வையுங்கள்.

மேசையில் சொந்த மொழிக்காரர்களோடு ஒட்டிக்கொள்வதுதான் பெரிய தவறு. முதல் வாரம் உட்கார்ந்த இடமே ஆண்டு முழுக்க நிலைத்துவிடும்.

சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் மாதிரி இடங்களில், முடிவில் கையெழுத்துப்படி ஒப்படைக்கவும் வேண்டும். இதற்கு நடுவே தாய்க்கல்லூரி விடைத்தாள் கட்டை அனுப்பி வைக்கும். விடுப்பில் இருப்பவர் சும்மா இருக்கிறார் என்பது அவர்கள் எண்ணம்.  

கடைசி மாதம் நூலகப் புத்தகங்களைத் திருப்பும் முன், அடிக்குறிப்பில் பக்க எண் விட்டுப்போனவற்றைத் தனியே எடுத்து வைத்துச் சரிபாருங்கள். பதிப்பு ஆண்டு உள்ள பக்கத்தையும் படமெடுங்கள். ஊர் திரும்பினால் அதே பதிப்பு கையில் கிடைக்காது.